நீரடிக் கனவும் கரையோர நினைவும்: கணினிப் படப்புனைவு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

படத்தொகுப்பு மென்பொருள்களின் துணையால் நம் இளைஞர்கள் உருவாக்கும் படங்களுள் ஒரு வகை தனித்து நோக்கத்தக்கது. வெள்ளாடை அணிந்த பெண்ணொருத்தி நீல நீரின் அடியில் கண்மூடி மிதக்கின்றாள். மேலிருந்து ஒளிக்கதிர்கள் சாய்ந்து இறங்குகின்றன. கூந்தல் விரிந்து கிடக்க, குமிழிகள் மேலெழுகின்றன. உண்மையில் அப்பெண் நீரைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் எடுக்கப்பட்ட படமும் வேறொரு கடலில் எடுக்கப்பட்ட படமும் கணினித் திரையில் ஒன்றாக்கப்பட்டிருக்கும். இவ்வகைப் படத்தை இக்கட்டுரை ‘நீரடிக் கனவுப் படம்’ எனக் குறிப்பிடுகின்றது. அணியிலக்கணத்தின் துணையோடும் திணைக் கோட்பாட்டின் துணையோடும் அதனை மதிப்பிடுவதும், ஈயக்குட்டைகளும் பால்மரக் காடுகளும் நிறைந்திருந்த பேராக் மாநிலத்தில் அதன் பொருத்தப்பாடு யாது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இல்பொருளின் இலக்கணம்

இத்தகைய படங்களைப் ‘பொய்’ என ஒதுக்குவோர் உளர். இக்கருத்து தமிழ் அணியிலக்கணத்திற்கு ஒவ்வாதது. உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்குவதை இல்பொருள் உவமையணி என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அன்பில்லாதார் வாழ்க்கைக்கு, வன்னிலத்தில் பட்டமரம் தளிர்த்தலை வள்ளுவர் உவமையாக்குகின்றார். வன்னிலம் உண்டு, பட்டமரம் உண்டு, தளிர்த்தலும் உண்டு. மூன்றும் ஒருங்கு சேர்தல் மட்டுமே இல்லை. உறுப்புகள் உள்பொருளாகவும் சேர்க்கை இல்பொருளாகவும் அமைவதே இவ்வணியின் ஆற்றல் எனலாம். நீரடிக் கனவுப் படமும் இவ்வாறு அமைந்ததே. ஆதலின், இது நடந்ததா என்பது இங்கு உரிய வினாவன்று. இச்சேர்க்கை எப்பொருளை உணர்த்துகின்றது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா. வள்ளுவரின் இல்பொருள், அன்பின் இன்றியமையாமையை உணர்த்தி நிற்கின்றது. கனவுப் படத்தின் இல்பொருள் எதனை உணர்த்துகின்றது?

அடுக்குகளின் செயற்பாடு

படங்களை ஒன்றிணைக்கும் வேட்கை கணினிக்கு முற்பட்டது. ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் ஐந்து எதிர்ப்படிகளை இணைத்து, நோயுற்ற இளம்பெண்ணின் இறுதிப் பொழுதைக் காட்டும் படமொன்றை அமைத்தார். போட்டோஷாப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களைத் தனித்தனியே வைத்துத் திருத்த உதவும் அடுக்கு வசதி, 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. நீரடிப் படத்திற்கு இவ்வசதியே முதுகெலும்பாகும். அடியில் நிறம், அதன்மேல் நீரின் அலைப்பு, அதன்மேல் வெட்டியெடுத்த உருவம், அதன்மேல் ஒளிக்கதிரும் குமிழியும் என அடுக்குகள் அமைகின்றன.

இப்படங்களுள் பல தோல்வியுறுவதற்குக் காரணம் கற்பனைக் குறைவன்று. நீரின் இயல்பை அறியாமையே. தெளிந்த நீர் ஒளியின் செந்நிறத்தை முதலில் விழுங்குகின்றது. அடுத்து ஆரஞ்சும் மஞ்சளும் மறைய, நீலமே ஆழத்தில் எஞ்சுகின்றது. ஆகவே பின்புலம் ஆழ்நீலமாக இருக்கையில் உருவத்தின் உதடு மட்டும் சிவந்திருப்பின், ஒட்டு வெளிப்பட்டுவிடும். தொலைவிலுள்ளவை மங்கவேண்டும், கதிர் வரும் திசையும் முகத்து நிழலும் ஒத்துப்போக வேண்டும். நிற்கும் பெண்ணின் தொங்கும் கூந்தல் மிதக்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. இதனால்தான் தேர்ந்தவர்கள் உருவத்தைத் தரையில் கிடத்தி, கூந்தலைப் பரப்பி, மேலிருந்து படமெடுக்கின்றனர். உறுப்புகள் மெய்யாக இருந்தாலன்றி இல்பொருள் சிறவாது என்னும் அணியிலக்கண உண்மை இங்கும் உறுதிப்படுகின்றது.

மிதக்கும் பெண்ணும் கரையில் நிற்பவளும்

செய்நேர்த்தி மிக்க படங்களிலும் ஒரே உருவம் மீளமீள வருவது ஏன்? இம்மிதக்கும் பெண்ணுக்கு ஒரு மரபு உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் ஒஃபீலியாவை ஆங்கிலேய ஓவியர் மில்லே 1851-52இல் தீட்டினார். இவ்வோவியமும் ஒருவகையில் அடுக்குப் படமே. ஆற்றங்கரையின் செடிகொடிகளைச் சர்ரே பகுதியில் ஓர் ஆற்றோரம் அமர்ந்து தீட்டிய ஓவியர், பெண்ணுருவை இலண்டனில் குளியல் தொட்டியொன்றில் எலிசபெத் சித்தல் என்பவரைக் கிடத்தித் தீட்டினார். தொட்டிக்கு அடியில் நீரைச் சூடாக்க வைத்த விளக்குகள் அணைந்துபோக, குளிர்நீரில் கிடந்த அப்பெண் நோயுற்றார். அழகிய சாவின் பின்னே மெய்யான ஓர் உடலின் துன்பம் மறைந்திருந்தது என்பது நினைக்கத்தக்கது. இன்றைய கனவுப் படம் அந்த ஓவியத்தின் தோற்றத்தை ஏற்றுக்கொண்டது. அதன் துயரக் கதையை மட்டும் கைவிட்டது.

தமிழ் மரபு இதற்கு மாறான நோக்குநிலையைக் கொண்டது. காவிரிப் பெருக்கு ஆட்டனத்தியைக் கவர்ந்து சென்றதையும் ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் பரணரின் அகநானூற்றுப் பாடல்கள் குறிக்கின்றன. ஆதிமந்தியின் பெயரால் குறுந்தொகையிலும் ஒரு பாடல் உள்ளது. நீரில் சென்றவன் எவ்வாறு மிதந்தான் என்பதன்று அங்குக் கவனம். கரையில் தேடுபவளின் அவலமே மையம். நீருள் சென்றவரைக் காட்சிப் பொருளாக்காமல், இழந்தவரின் கண்வழியே நீரை நோக்குவது நம் மரபு எனலாம்.

போட்டோஷாப் மென்பொருளின் செயல்விளக்கத்திற்குத் தொடக்கத்தில் பயன்பட்ட படமும் இங்கு நினைக்கத்தக்கது. அதனை உருவாக்கிய சகோதரருள் ஒருவரான ஜான் நோல், 1987இல் போரா போரா தீவின் கடற்கரையில் தம் வருங்கால மனைவியை எடுத்த படம் அது. அதிலும் பெண் கரையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். மிதக்கும் பெண் கருவியின் கட்டாயமன்று என்பதற்கு இது போதிய சான்று.

பேராக்கின் நீர்

கிந்தாப் பள்ளத்தாக்கின் நீர் வேறு வரலாறு கொண்டது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் மழைநீரால் நிரம்பி ஈயக்குட்டைகளாயின. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கும் டி.டி.5 ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கியது; தான் தோண்டிய குளத்திலேயே தான் மிதந்து முன்னேறியது. 1985இல் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட, குட்டைகள் எஞ்சின. பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்களும் இக்குட்டைகளும் அண்டை நிலங்களாக இருந்தன. செங்குத்தான கரையும் கால் புதையும் சேறும் கொண்ட இக்குட்டைகளில் குளிக்கச் சென்ற சிறுவர்கள் மூழ்கிய செய்திகளை நம் நாளேடுகளில் படித்திருக்கின்றோம். நீரடியில் கண்மூடிக் கிடக்கும் உருவம் இங்குள்ள ஒரு தாய்க்குக் கனவாகத் தோன்றுமா என்பது எளிதில் கடந்துவிடத்தக்க வினாவன்று.

நிறமும் வேறானது. மண்துகளும் மக்கிய இலைச்சாறும் கலந்த நீரில் நீல ஒளியே விரைந்து மறைகின்றது; பச்சையும் பழுப்பும் எஞ்சுகின்றன. பயிற்சி நூல்கள் கற்பிக்கும் ஆழ்நீலம் தெளிந்த கடலுக்கு உரியது. அதற்காகப் பவளப்பாறையையும் திமிங்கிலத்தையும் கடன் வாங்குதல் குற்றம் எனக் கூறிவிட முடியாது. கடலில் மூழ்கிப் படமெடுக்கும் வசதியற்ற தோட்டத்து மாணவனுக்கும் கடலைக் கனவு காணும் உரிமை உண்டு. தொல்காப்பியரும் இதற்கு இடந்தருகின்றார். உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது அவர் கொள்கை. முதலும் கருவும் இடம் பெயரலாம். உரிப்பொருள் பெயர்தல் ஆகாது. நீரோடு நம் மரபு இணைத்த உரிப்பொருள்களுள் நெய்தலின் இரங்கல் தலையாயது. அந்த இரங்கலை அகற்றி அலங்காரத்தை அமர்த்துவதே கனவுப் படத்தின் உண்மையான குறை என்பது நம் கருத்து.

இதே கருவிகளைக் கொண்டு வேறொரு படத்தை எண்ணிப் பார்க்கலாம். பழுப்பும் பச்சையும் கலந்த நீர். பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களின் செம்பழுப்பு இலைகள் அதன்மேல். அடியில் பால் ஒழிந்த மங்கு ஒன்று. கரையில் நின்று நோக்கும் ஒருவரின் நிழல் மட்டும் நீரில் விழுகின்றது. மூழ்கிய உருவம் எதுவும் இல்லை. இப்படமும் இல்பொருளே, எனினும் இதன் உரிப்பொருள் இம்மண்ணுக்கு உரியது.

சான்றும் புனைவும்

இதில் பிறிதொரு பொறுப்பும் அடங்கியுள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் மறைந்தபோது, லயங்களின் ஒளிப்படங்கள் மிகக் குறைவாகவே எஞ்சின. 1948இல் அவசரகாலத்தையொட்டி அறிமுகமான அடையாள அட்டைக்காக எடுத்த சிறுபடமே சில முதியோரின் ஒரே முகப்படமாக உள்ளது. அதனைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டியும், மறைந்த தந்தையின் முகத்தை மகளின் திருமணப் படத்தில் சேர்த்தும் தந்த படப்பிடிப்பு நிலையங்களை நாம் அறிவோம். அவை பொய்யாகக் கருதப்படவில்லை. அச்சேர்க்கை குடும்பத்தார் அறிந்த ஒன்று. நினைவின் மீதுள்ள அன்பே அதன் பொருள். ஆனால் குடும்பத்திற்கு வெளியே, விளக்கமின்றிப் பரவும் புனைபடம் நாளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப்படலாம். மெய்ப்படங்கள் அருகிய ஒரு சமூகத்திற்கு இது சிறிய இடர் அன்று.

ஆகவே ஆசிரியர்கள் இரண்டு நெறிகளை வலியுறுத்தலாம். பழைய படங்களைத் திருத்துமுன் மூலப்படியைத் தனியே காத்தல் வேண்டும். புனைபடத்தின் கீழ் அது புனைவே என்பதையும், எவ்வெப் படங்களால் ஆனது என்பதையும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

நீரடிக் கனவுப் படம் இல்பொருள் உவமையின் இனத்தைச் சார்ந்தது, அது பொய்யன்று. நீரின் இயல்பறிந்து அடுக்குகளை அமைப்பதில் அதன் செய்நேர்த்தி தங்கியுள்ளது. உரிப்பொருளில் அதன் தகுதி தங்கியுள்ளது. மிதக்கும் பெண்ணின் அழகை மட்டும் கடன் பெறும் படம் எந்த ஊரிலும் செய்யத்தக்கது. அதனாலேயே எந்த ஊருக்கும் உரியதாகாது. மாணவர்தம் படங்களை மதிப்பிடுகையில் செய்முறைக்கு மட்டும் மதிப்பெண் வழங்காது, இந்நீர் எங்குள்ளது, அதன் கரையில் நிற்பவர் யார் எனக் கேட்கும் பழக்கத்தைத் தமிழ் வகுப்பறைகள் மேற்கொள்ளல் வேண்டும்.