உடையும் பறையும்: இசைக் காணொளிகளை ஆராய்வோர் கவனத்திற்கு

இசைக் காணொளிகளை ஆராய முற்படும் மாணவர்கள், மேனாட்டு அறிஞர் வகுத்த நிறவெறி ஆய்வையும், உட்பண்பாட்டு ஆய்வையும், பின்நவீனத்துவ ஊடகக் கொள்கையையும் துணைகொள்கின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் இக்கொள்கைகளைத் தருமபுரி மாவட்டத்தில் வைத்துச் சோதித்த பின்னரே தமிழ்ப் பாடல்களுக்குப் பொருத்தவேண்டும் என்பது நமது கருத்து.

2012 நவம்பர் 7ஆம் நாள் இம்மாவட்டத்தின் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, பல தீக்கிரையாயின. சாதி கடந்த திருமணம் ஒன்று காரணமாகக் கூறப்பட்டது. பெங்களூருக்குச் சென்று உழைத்துச் சேர்த்த பொருள்களும் தீயில் அழிந்தன. அதையடுத்த நாட்களில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ச. இராமதாசு பேசியதை நாடறியும். கால்சட்டையே குற்றச்சாட்டாகிவிட்டது!

உடையைக் குறித்துச் சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் டிக் ஹெப்டிஜ். 1979இல் வெளிவந்த தமது நூலில், இங்கிலாந்தின் பங்க் இளைஞர்கள் ஊக்கையும் குப்பைப் பையையும் அணிந்துகொண்டது மரியாதையான சமுதாயத்தை மறுக்கும் செயல் என்று விளக்கினார். வெள்ளை இளைஞரின் பாணிகளுக்குள் கறுப்பின மக்களோடு அவர்கள் கொண்ட உறவின் வரலாறு மறைந்துகிடப்பதையும் எடுத்துக்காட்டினார். இவ்விளக்கம் தருமபுரிக்கு வந்தால் தலைகீழாகிறது. பங்க் இளைஞன் தன்னிடமிருந்த மரியாதையைக் கிழித்து எறிந்தான். நத்தத்து இளைஞனோ தனக்கு மறுக்கப்பட்ட மரியாதையைக் கடையில் விலைகொடுத்து வாங்கினான். பா. இரஞ்சித், தென்மா ஆகியோரின் முயற்சியால் உருவாகி, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினரைக் காண்க. கானாவும் ராப்பும் பறையும் முழங்கும் அம்மேடையில் அவர்கள் அணிந்தது கிழிந்த உடையன்று, கோட்டும் சூட்டும். அம்பேத்கர் ஏன் எப்போதும் கோட்டு அணிந்தார் என்பதை அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

பின்நவீனத்துவக் கொள்கையினரிடம் நமக்குள்ள மனக்குறை இதனினும் பெரிது. பிரடெரிக் ஜேம்சன் 1984இல் எழுதிய கட்டுரையில், இக்காலப் பண்பாட்டில் ஆழம் மறைந்து மேற்பரப்பே எஞ்சுகிறது என்றார். எம்டிவி காணொளிகள் இக்கூற்றுக்குச் சான்றாகப் பலராலும் காட்டப்பட்டன. ஆனால் 1981இல் தொடங்கிய அதே எம்டிவி, தொடக்கத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கு மிகக் குறைந்த இடமே அளித்தது. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் பாடல் வந்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. மேற்பரப்புத்தான் எல்லாம் என்றால், அம்மேற்பரப்பில் தோன்றும் உரிமை யாருக்கு?

2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ காணொளி இவ்வினாவை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அதற்குச் சொற்களை எடுத்தார். தீயும் அறிவும் இணைந்து பாடினர். சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், அறிவின் மற்றொரு பாடலில் பங்கேற்ற ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்கெனத் தனி அட்டை வெளியாயிற்று. 2022 ஜூலை 28 அன்று சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அவரின்றிப் பாடப்பட்டது. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் கூறப்பட்டது. பாடலில் யார் பங்கு எவ்வளவு என்பதிலும் இருதரப்பும் வேறுபட்டன. அதில் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. ஆனால் பறையொலி ஊருக்கு வேண்டும், பறையடிப்பவர் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை அறிந்தவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிடமாட்டார்கள்.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழலாம். அரசரடி இறையியல் கல்லூரியில் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த தியாஃபிலஸ் அப்பாவு, அவ்விசையை எவரும் மாற்றிப் பாடலாம், அதுவே அதன் விடுதலை ஆற்றல் என்று கருதினார். அவ்வாறாயின் ஒப்பாரி மரபில் பிறந்த பாடலுக்கு உரிமை கோரலாமோ? கோரலாம் என்போம். களத்துமேட்டில் பாட்டு பொதுவாக இருக்கும்போது பாடுபவளை எல்லாரும் அறிவர். அவள் பெயரை எழுதிவைக்கத் தேவையில்லை. கோடிக்கணக்கானோர் காணும் காணொளியிலோ, பெயர் இருந்தால்தான் புகழுக்கும் கூலிக்கும் கணக்கு உண்டு. அக்கூலியும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே அறிவித்தார்: அப்பாடலால் தமக்கோ அறிவுக்கோ தீக்கோ அதுவரை ஒரு காசும் கிடைக்கவில்லையாம்.