தோல், பஞ்சு, இரும்பு: கவசத்தின் மூன்று மரபுகள்

யானை மீதேறிக் கருவூருக்குள் வந்துவிட்ட சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி யாரென்று சேரனுக்குச் சொல்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். புறநானூற்றின் 13ஆம் பாட்டு அது. சோழன் மார்பில் இருந்தது புலித்தோல் கவசம் என்று உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள். அம்புகள் அதைக் கிழித்திருக்கின்றன. ஆளோ யானை மேல் நிமிர்ந்து இருக்கிறான். கொங்கு மண்ணில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கவசச் சித்திரங்களில் இதுவும் ஒன்று.

இரும்பு இல்லாததால் தோலை நாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியும் பச்சிலையும் மூசைக்குள் வைத்து, களிமண்ணால் வாயடைத்துக் காய்ச்சுவது தென்னாட்டு எஃகு முறை. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் இதை 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அடைபட்ட மூசைக்குள் கரி இரும்போடு கலந்து எஃகாகும். உலகம் அந்த எஃகைத் தேடியது வாளின் கூர்மைக்காக.

உடலைக் காக்கும் வேலையைப் பெரிதும் பஞ்சு எடுத்துக்கொண்டது. 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், வீரர்கள் பஞ்சு திணித்துத் தைத்த அங்கிகள் அணிந்திருந்ததைக் குறிக்கிறார். பல அடுக்குத் துணியை நெருக்கமாகத் தைத்தால் வெட்டின் வேகம் அடுக்குக்கு அடுக்கு குறையும். இரும்பைப் போல வெயிலில் சுடாது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கும் மதுக்கரை வட்டாரம் மைசூர்ப் போர்களின் படைகளைக் கண்ட நிலம். அந்தப் போர்க் காலத்துத் திப்பு சுல்தானுடையதாகச் சொல்லப்படும் பஞ்சுத் தலைக்கவசம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவது மரபு, இரும்புத் தகடுகளை வளையங்களால் கோப்பது. லீட்ஸ் நகரில் உள்ள யானைக் கவசமே இதற்குச் சிறந்த சான்று. சென்னை ஆளுநராயிருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்றியட்டா 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது அது. எஞ்சியிருப்பவை 5,840 தகடுகள். எடை 118 கிலோ. பெரிய தகடுகளில் யானை, மீன், பறவை, தாமரை புடைப்பாக அமைந்துள்ளன. மற்றவை சிறு தகடுகள். அவற்றின் இடையே வளையங்கள் இருப்பதால்தான் அத்தனை பெரிய உடல் அசைந்து நடக்க முடிந்தது.

ஜப்பானிய சாமுராய் கவசமும் சிறு தகடுகளால் ஆனதுதான். ஆனால் அங்கே அவற்றை இணைத்தது பட்டுக் கயிறு. தோலிலும் இரும்பிலும் செய்த தகடுகளுக்கு அரக்கு மரத்தின் பாலைப் பல பூச்சு பூசினார்கள். ஈரமும் துருவும் அண்டாது. மழையில் நனைந்தால் கயிறு கனக்கும், நாளடைவில் இற்றும் போகும். 1543இல் போர்த்துகீசியத் துப்பாக்கி வந்திறங்கியபின் கயிறு குறைந்து முழுத் தகடு கூடியது. சில மார்புத் தகடுகளைச் சுட்டுச் சோதித்து, குண்டு பட்ட பள்ளத்தைத் தரச் சான்றாக அப்படியே விட்டுவைத்தார்கள். மியோச்சின், சாவோதோமே, ஹருதா, இவாய் என்று பட்டறைகள் குடிப்பெயரோடு நின்றன. சாவோதோமே தலைக்கவசத்துக்கும், இவாய் கயிறு கோப்பதற்கும் பெயர் பெற்றவை.

நம் கவசக்காரர்களுக்கு அப்படிப் பெயர்ப் பட்டியல் வாய்க்கவில்லை. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் பெரும்பகுதி 1863இல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போனது. தேர்ந்தெடுத்த சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் செய்முறையைப் பொருள்களிடமிருந்தே கேட்டறியலாம். பஞ்சு அங்கி எத்தனை அடுக்கு, அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த நூல் என்று கணக்கெடுத்து, அதே முறையில் ஒன்றைத் தைத்து அம்பெய்து பார்க்க வேண்டும். நெசவும் வார்ப்பும் அறிந்த கைகள் கோவையில் உண்டு. 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. இந்தச் சோதனையைக் கொங்கு நாடே முன்னெடுக்கலாம்.