ஒரே வாசல், இரண்டு வரிசை

மயிலாப்பூர்க்காரர்கள் கபாலீசுவரர் சந்நிதிக்கு அடுத்தபடி பயபக்தியோடு நிற்கும் இடம் எது என்று யாராவது கேட்டால், சாந்தோம் பக்கத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடத்து வாசல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இதில் ஆச்சரியமில்லை. 1606-ஆம் வருஷத்திலேயே இங்கே ஒரு மறைமாவட்டம் ஏற்பட்டுவிட்டது. 1952-ல்தான் அது சென்னையோடு இணைக்கப்பட்டது. 1907-ல் தோன்றிய புனித பீட் பள்ளி, எட்டாம் நூற்றாண்டில் சரித்திரம் எழுதிய ஓர் ஆங்கிலத் துறவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரில் ஆங்கிலோ இந்தியப் பள்ளிதான். ஆனாலும் விபூதியும் நாமமுமாகப் பிள்ளைகள் அதன் படியேறிய காலம் எப்போதோ தொடங்கிவிட்டது. ஒழுங்கு, இங்கிலீஷ், நேரத்துக்கு மணி - இந்த மூன்றையும் பாதிரிமார் தருவார்கள் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

என் பக்கத்து வீட்டு நண்பருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. பையனைச் சேர்க்க, விடியற்காலை நாலு மணிக்கே ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றவர். விண்ணப்பத்தில் தகப்பன் படிப்பு, தாய் படிப்பு, மாத வருமானம் எல்லாம் கேட்டிருந்தார்கள். அத்தனைக்கும் சந்தோஷமாகப் பதில் எழுதினார்.

2021 ஏப்ரல் 6-ஆம் தேதி அதே வாசல் மறுபடியும் திறந்தது. அன்று சட்டசபைத் தேர்தல். பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாகியிருந்தது. நான் அவரைக் கூப்பிடப் போனேன்.

"என்ன சார், நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆகப்போறது? வெயிலைப் பாருங்கோ!" என்றார்.

விடியற்காலைப் பனி அவரைத் தடுக்கவில்லை. காலை வெயில் தடுத்துவிட்டது!

அவர் தனி மனிதரல்லர். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறக்குறைய 73 பேர் வாக்களித்தார்கள். சென்னை மாவட்டத்தில் ஏறக்குறைய 59 பேர்தான். மயிலாப்பூர் தொகுதி இதற்கு விலக்காக இருக்கவில்லை. வீடு மாறிப்போனவர்களின் பெயர்கள் நகரத்துப் பட்டியலில் அதிகம் தங்கிவிடுகின்றன, அதனால் கணக்கு சற்று மோசமாகத் தெரிகிறது என்பார்கள். அது நியாயமான வாதம். ஆனால் என் நண்பரின் பெயர் பட்டியலில் சரியாகவே இருந்தது. அவர்தான் வரவில்லை.

படித்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று இவர்கள் குறைப்பட்டுக் கொள்வதையும் கேட்டிருக்கிறேன். 1986-ல் ஒழிக்கப்படும்வரை தமிழ்நாட்டு மேலவையில் பட்டதாரிகளுக்கென்றும் ஆசிரியர்களுக்கென்றும் தனித் தொகுதிகளே இருந்தன. படிப்புக்கு அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அது புரியவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். பள்ளிக்கூடத்து வாசல் சாதாரண நாட்களில் நம்மைத் தரம் பிரிக்கிறது. நாம் உயர்ந்த தரம் என்று அது சொல்லும்போது நமக்கு இனிக்கிறது. தேர்தலன்று அதே வாசல் படிப்பையும் கேட்பதில்லை, வருமானத்தையும் கேட்பதில்லை. பெயரை மட்டும் கேட்கிறது. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த மீன்காரம்மாளுக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறது. நம்மை வீட்டோடு நிறுத்துவது வெயிலல்ல, அந்த வரிசை.

பாதிரிமாரையும் நான் ஒரு கேள்வி கேட்பேன். குடிமைப் பாடத்தில் உங்கள் மாணவர்கள் வாங்கும் மதிப்பெண் அருமையானதுதான். ஆனால் எந்த வகுப்பறையில் அந்தப் பாடம் நடந்ததோ, அதே வகுப்பறையில் வாக்குப்பதிவு இயந்திரம் வைத்திருக்கும்போது பழைய மாணவன் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? ஒழுங்கைக் கற்றுக் கொடுத்த அளவுக்கு, வரிசையில் அடுத்தவனோடு சமமாக நிற்பதைக் கற்றுக் கொடுத்தோமா? இந்தக் கேள்வி எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் உரியது. பெற்றோருக்கு இன்னும் அதிகமாக உரியது.

உபதேசம் செய்ய எனக்கு முழு உரிமை கிடையாது. 2016 தேர்தலில் ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தை முடிக்கிற சாக்கில் நானும் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மாலையில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள், என் விரலைப் பார்த்துவிட்டுத் தன் விரலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டாள். எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாதே என்று!

அந்த அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்பது இன்று நினைவில்லை. அந்த விரல் நினைவிருக்கிறது.