உந்துகளும் வண்டியும்

ஸ்பெயினில் காருக்கு ‘கோச்சே’ என்று பெயர். அர்ஜென்டினாவில் அதுவே ‘ஆவுட்டோ’, கொலம்பியாவில் ‘கார்ரோ’. ஸ்பெயின்காரரிடம் போய்க் ‘கார்ரோ’ என்றால் மாடோ குதிரையோ இழுக்கும் வண்டிதான் அவர் நினைவுக்கு வரும். ஸ்பானிய மொழியில் நாட்டுக்கு நாடு மாறும் சொல், தஞ்சாவூரில் ஒரே ஆளிடம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பலகையில் பேருந்து, வாயில் பஸ், அவசரத்தில் வெறும் வண்டி. இவற்றில் எது நிற்கும்?

பேருந்து, சிற்றுந்து, சீருந்து, மகிழுந்து, சரக்குந்து எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நன்றாக ஊன்றியது முதலாவது மட்டும்தான். கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் போன்ற தனியார் கம்பெனிகள் கோலோச்சிய இடத்தில் 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. நிலையப் பலகை, கால அட்டவணை, அறிவிப்பு என்று நாள்தோறும் அந்தச் சொல்லை எழுதியே ஆகவேண்டிய ஓர் அலுவலகம் பேருந்துக்குக் கிடைத்தது. பேச்சில் இன்றும் பஸ்தான் என்றாலும், எழுத்தில் பேருந்துக்கு எதிரி இல்லை. 1997இல் வந்த மினி பஸ்கள் தனியார் கையில் ஓடின. சிற்றுந்து பாதி வழியில் நின்றது.

மகிழுந்துக்கு அலுவலகமும் இல்லை, பொருத்தமும் இல்லை. விதை மூட்டையையும் பிரசவ வலிக்காரியையும் ஏற்றிப்போகும் காரில் மகிழ்ச்சி எங்கே வந்தது? சீருந்தோ, காதில் விழும்போது சிற்றுந்தோடு குழம்புகிறது. கார் என்றே எழுதலாம். தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

வண்டியின் பலம் வேறு. கொள்முதல் நிலையத்தில் “வண்டி வரல” என்றால் லாரி, வயலில் என்றால் அறுப்பு மெஷின், வீட்டு வாசலில் என்றால் பைக். கேட்பவருக்கு இடம் தெரிந்திருந்தால் போதும். விபத்து வழக்கில் இந்தத் தாராளம் உதவாது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிராக்டர் என்பது தன்மேல் சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்படாத வாகனம்; பின்னால் இழுபடும் டிரெய்லர் வேறொரு வாகனம். ஊர்வாய் இரண்டையும் சேர்த்தே டிராக்டர் என்கிறது. நடவாட்கள் எதில் உட்கார்ந்து போனார்கள் என்பது இழப்பீட்டையே புரட்டக்கூடிய கேள்வி. ஆகவே மனுவில் வண்டி கூடாது. இலங்கைத் தமிழரின் ‘உழவு இயந்திரம்’ அழகான சொல்தான். ஆனால் உழவு முடிந்தபின் மூட்டையும் செங்கலும் இழுக்கும் நம்மூர் டிராக்டருக்கு அது பாதிப் பெயர்.

என் தராசில் கனமாக நிற்பவை எந்தச் சொல்லாக்கக் குழுவும் ஆக்காத, அறுப்பு மெஷின்களைக் குறிக்கும் ‘பெல்ட் வண்டி’யும் ‘டயர் வண்டி’யும். சம்பா அறுப்பில் வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும், மணிக்கு வாடகையும் குறைவு. மழை பெய்து சேறாகிக் கதிர் சாய்ந்துவிட்டால் டயர் புதையும்; கூடுதல் வாடகை கொடுத்துப் பெல்ட் வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு முன்சொல்லில் எந்திரம், ஈரம், செலவு மூன்றும் அடங்கிவிடுகின்றன. மகிழுந்துக்கு அகராதியில் இடம் உண்டென்றால், தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கும் இந்த ஊரிலிருந்து இந்த இரண்டும் முதலில் ஏறியிருக்க வேண்டும், பெல்ட்டும் டயரும் இங்கிலீஷாகவே இருந்தாலும்.