துரும்பும் கரணமும்

சோளிங்கரில் ஒரு சுயமரியாதைத் திருமணத்திற்குப் போயிருந்தேன். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றி உறுதிமொழி வாசித்துப் பத்து நிமிஷத்தில் கல்யாணம் முடிந்தது. அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் வாழ்த்துரை. நீண்டகாலம் இயக்கத்தில் இருக்கும் தோழர் ஒருவர் பேசினார்: "இப்பல்லாம் கோர்ட்டுல டைவர்ஸ் கேசுதான் குவியுது. பொம்பளைங்க கம்பெனிக்குப் போயி நாலு காசு பாத்ததும் குடும்பம் நிக்கமாட்டேங்குது. எல்லாம் மேல்நாட்டுலேர்ந்து வந்த வியாதி." பந்தலில் கைதட்டல். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும்தான் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது.

மணமுறிவு மேற்கிலிருந்து இறக்குமதியானது என்பது பொய். 'விவாகரத்து' என்ற சொல் வேண்டுமானால் நீதிமன்ற வாசலில் பிறந்திருக்கலாம், காரியம் பழசு. 'தீர்த்துவிடுதல்', 'அறுத்துக்கட்டுதல்' என்ற சொற்கள் உழைக்கும் சாதிகளின் பேச்சில் இருந்தவை, இன்றும் முழுக்கச் செத்துப்போகாதவை. மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடையே, சாதிசனத்தின் முன்னால் ஒரு துரும்பைக் கொடுத்துவிட்டால் மணம் முடிந்தது என்று 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் பதிவு செய்கின்றன. துரும்பு கொடுப்பது என்றால் விலக்குவது, துரும்பு வாங்குவது என்றால் விலகச் சம்மதிப்பது. 1955இன் இந்து திருமணச் சட்டம்கூட 29ஆம் பிரிவில் வழக்காற்றின்படியான மணமுறிவை ஒப்புக்கொண்டுதான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்காறு தொன்மையானது, ஐயத்திற்கிடமில்லாதது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். எழுத்தில் வாழாதவர்களிடம் எழுத்துச் சான்று கேட்கும் அதிகாரம் இது.

அப்படியானால் தோழர் சொல்லும் அந்த நிலைத்த தமிழ்க் குடும்பம் எங்கிருந்து வந்தது? எம்.என். சீனிவாஸ் சமஸ்கிருதவயமாக்கம் என்று சொன்னாரே, அதிலிருந்துதான். ஒரு சாதி மேலே ஏற விரும்பும்போது கறியை விடுகிறது, பூணூல் தேடுகிறது, கூடவே பெண்ணின் அறுத்துக்கட்டும் உரிமையைப் பிடுங்குகிறது. 'எங்க சாதியில அந்தப் பழக்கம் கெடையாது' என்பது கௌரவப் பேச்சாகிவிட்டது. ஆக, பிரியாத குடும்பம்தான் இங்கே புதுச்சரக்கு. பிரிவது அல்ல.

இதைச் சொல்லிப் பழைய வழக்கத்திற்கு நான் ஆலத்தி எடுக்கவில்லை. அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள். துரும்பு பெரும்பாலும் ஆணின் கையில்தான் இருந்தது. பெண் போக வேண்டுமென்றால் பல இடங்களில் பரிசப்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். தவிர, சாதிப் பஞ்சாயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தபோது அதைப் பார்த்தோம். தன் விருப்பத்தில் சாதி தாண்டிப் போன பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லித்தான் அத்தனை கூட்டமும் கூடியது. சாதி தனக்கு ஆகாத மணத்தைப் பிரிக்கத் துடிக்கும்; பெண்ணுக்கு ஆகாத மணத்தை 'அனுசரிச்சிப் போம்மா' என்று ஒட்டிவைக்கும்.

சுயமரியாதை இயக்கம் இந்த இடத்தில்தான் குறுக்கே வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது, விதவை மறுமணம் கேட்டது, மணத்தை ரத்துசெய்யும் உரிமையும் கேட்டது. பின்னால் நாம் நினைவில் வைத்துக்கொண்டது எது? புரோகிதரில்லாத கல்யாணத்தை மட்டும். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 7-ஏ பிரிவு, உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும் என்றது. வழக்குரைஞர் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவை பெரிய வெற்றிகள்தாம். ஆனால் கவனியுங்கள், இத்தனையும் உள்ளே நுழைகிற வாசலைப் பற்றியவை. வெளியே போகும் வாசல் 13ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. குற்றம் நிரூபிக்க வேண்டும். 1976இல் வந்த பரஸ்பர சம்மத முறையில்கூட ஓராண்டு பிரிந்திருந்து, மனு போட்டு, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விரும்பினால் தளர்த்தலாம் என்பது 2017க்குப் பிறகு கிடைத்த சலுகை. பத்து நிமிஷத்தில் கட்டிவைத்த இயக்கத்தால் பிரிவதற்கு ஒரு வாசகம் எழுத முடியவில்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே கரணம் வகுக்கப்பட்டது என்கிறார் தொல்காப்பியர். கைவிட்டுப் போகிறவர்களுக்காக வாசலில் வைத்த காவல் அது. நாம் அந்தக் கரணத்தைத் தமிழாக்கினோம், காவல் காவலாகவே இருக்கிறது.

விளைவு, கோர்ட்டில் குவிவதைவிட வெளியே கிடப்பதுதான் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம். முறியாமலேயே பிரிந்து வாழ்கிறவர்கள் ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்குக்குக் கிட்டே. இவர்களில் பெண்ணுக்கு நம் மொழி வைத்த பெயர் 'வாழாவெட்டி'. ஆணுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. அவன் இருக்கிறான், இல்லாமலும் இருக்கிறான். எங்கள் ஊர்த் தக்கான்குளத்திற்குக் கார்த்திகை ஞாயிறுகளில் வந்து பாருங்கள். பேய் பிடித்ததாக அழைத்துவரப்படும் பெண்கள் ஈரச்சேலையோடு தலைவிரித்து ஆடுகிறார்கள். கூட வந்த தாயிடம் பேச்சுக்கொடுத்தால் பலமுறை வரும் பதில், "புருசன் வுட்டுட்டுப் போயிட்டான், அதிலேர்ந்து இப்டிதான்". நீதிமன்றத்தில் தாக்கலாகாத மனுக்கள் குளத்தில் தாக்கலாகின்றன.

இந்தத் தோல் பதனிடும் வட்டாரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். முத்தலாக்கைப் பற்றி நாடே பேசியது. 2017இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, சரி. 2019 சட்டம் அதைச் சொல்கிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விடுகிற கணவன், எந்த மதத்தவனானாலும், அந்த மாதிரிக் குற்றவாளி இல்லை. சொன்னவனுக்குச் சிறை, சொல்லாதவனுக்கு மௌனம். பெண்ணின் துயரம் அல்ல, எந்த மதத்து ஆண் என்பதே இங்கே அளவுகோல்.

கடைசி வரிசைப் பெண்களுக்குத் திரும்புகிறேன். கம்பெனி அவர்களுக்குக் கூலி தருகிறது, குடும்பத்தை உடைக்கவில்லை. போனவன் போன பிறகு அடுப்பெரிவது அந்தக் கூலியில்தான். 1952இல் எழுதப்பட்ட வருங்கால வைப்புநிதித் திட்டத்தில் ஒரு வரி உண்டு. பெண் தொழிலாளி ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும், அவள் பி.எஃப். பணத்தைப் பொறுத்தமட்டில் கணவன் அவள் குடும்பத்தில் இல்லை. காரணம் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. ஆண் தன் மனைவியை நீக்க வேண்டுமானால் அவளுக்கு ஜீவனாம்ச உரிமை இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அவளுக்கு அந்த நிபந்தனையும் கிடையாது. அந்த ஒரு தாளில் துரும்பு பெண் கைக்கு மாறியிருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கத்தில் இருக்கும் நாம் யாருக்குச் சொன்னோம்?

அடுத்த திருமணத்தில் வாழ்த்துரைக்கு என்னைக் கூப்பிட்டால், இந்த வரியைத்தான் வாசிக்கப்போகிறேன். கூடவே, உறுதிமொழியில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன்: விலக விரும்பினால் ஒருவரையொருவர் தடுக்கமாட்டோம், அவதூறு பேசமாட்டோம், பிள்ளைகளின் செலவைப் பகிர்ந்துகொள்வோம் என்று. நீதிமன்றத்தில் அது செல்லாது. சுயமரியாதைத் திருமணமும் முதல் நாற்பது வருஷம் அப்படித்தான் இருந்தது.