டிரேப்பரின் இடது கை

பிரிட்டிஷ் டென்னிஸ் வீரர் ஜாக் டிரேப்பர் 2025 வரை விம்பிள்டனில் நான்கு முறை ஆடினார். ஒருமுறைகூட இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2025-இல் நான்காம் தரநிலை வீரராக இறங்கி, 36 வயது மரின் சிலிச்சிடம் நான்கு செட்களில் தோற்றபோது உள்ளூர் ரசிகர்கள் மனமுடைந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஆண்டி மர்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கான பதிலை விம்பிள்டனில் மட்டும் தேடினால், இந்த 1.93 மீட்டர் உயர இளைஞரின் சிறந்த ஆட்டங்கள் கண்ணில் படாமலே போய்விடும். அவை நியூயார்க்கிலும் வியன்னாவிலும் கலிஃபோர்னியாவின் பாலைவனத்திலும் ஆடப்பட்டவை.

லண்டனின் சட்டன் பகுதியில் 2001 டிசம்பரில் பிறந்தவர் டிரேப்பர். தந்தை ரோஜர், பிரிட்டன் டென்னிஸ் சங்கத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். 2018 விம்பிள்டன் சிறுவர் பிரிவு அரையிறுதியில் கடைசி செட்டை 19-17 என வென்றபோது டிரேப்பருடைய பிடிவாதம் வெளியே தெரிந்தது. இறுதியில் தைவானின் செங் சுன்-சின்னிடம் தோற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து சென்டர் கோர்ட்டில் ஜோகோவிச்சிடமிருந்து முதல் செட்டை 6-4 எனப் பறித்தார். அடுத்த மூன்று செட்களிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தவை ஐந்தே கேம்கள்.

திறமையில் யாருக்கும் ஐயமில்லை. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 2021 மயாமி போட்டியில் வெக்கை தாங்காமல் களத்திலேயே சரிந்து விழுந்தார். 2022 அமெரிக்க ஓபனில் மூன்றாவது சுற்றில் பாதியில் விலகினார். 2023-இல் பிரெஞ்சு ஓபன் முதல் சுற்றிலும் அதே கதை. தோள்பட்டைக் காயம் அந்த ஆண்டு விம்பிள்டனையே பறித்தது.

2024-இல் நிலைமை மாறியது. ஜூனில் ஸ்டுட்கார்ட் புல்தரையில் பெரெட்டினியை வென்று முதல் ஏடிபி பட்டம். அடுத்த வாரமே குவீன்ஸ் கிளப்பில் அல்கராஸை நேர் செட்களில் வென்றார். ஆக, புல்தரையில் ஆடத் தெரியாதவர் அல்ல. அந்த ஆண்டு அமெரிக்க ஓபனில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் அரையிறுதி வரை வந்தார். மர்ரி 2012-இல் எட்டிய பிறகு வேறெந்தப் பிரிட்டிஷ் ஆண் வீரரும் அங்கே அந்தக் கட்டத்துக்கு வந்ததில்லை. சின்னருக்கு எதிரான அந்த ஆட்டத்தில் புழுக்கமும் பதற்றமும் சேர்ந்து, களத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். இயல்பிலேயே தான் பதற்றப்படுகிறவன் என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய மேடையில் தோற்றவர் அக்டோபரிலேயே வியன்னாவில் பட்டம் வென்றார். அந்த மீட்சிக்கே ஒரு தனி மரியாதை உண்டு.

அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள கலிஃபோர்னியப் பாலைவனத்தில் 2025 மார்ச்சில் நடந்த இண்டியன் வெல்ஸ் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். மெதுவான கடினத் தரை, உயர எழும்பும் பந்து. இடது கை வீரர் களத்தின் இடப்புறத்திலிருந்து வெட்டிப் போடும் சர்வீஸ், வலது கை எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கமாக விலகி, அவரைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிடும். 30-40 என்ற நெருக்கடியில் சர்வீஸ் போடப்படுவதும் அதே பக்கத்திலிருந்துதான். டிரேப்பரிடம் இந்த ஆயுதத்தோடு உறுதியான இரு கை பேக்ஹேண்டும் இருக்கிறது. முன்பு தயங்கித் தயங்கி அடித்த ஃபோர்ஹேண்ட் இப்போது கனமாக விழுகிறது. ஃபிரிட்ஸ், ஷெல்டன் இருவரையும் கடந்து அரையிறுதியில் அல்கராஸைச் சந்தித்தார். அல்கராஸ் அங்கே தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சாம்பியன். முதல் செட் 6-1. இரண்டாவது 0-6 எனக் கைநழுவியது. பழைய டிரேப்பராக இருந்தால் அங்கேயே குலைந்திருப்பார். மூன்றாவதை 6-4 என வென்றார். இறுதியில் ரூனேவை 6-2, 6-2 என ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடித்துவைத்தார். முதல் மாஸ்டர்ஸ் 1000 பட்டம், தரவரிசையில் ஏழாம் இடம்.

மாட்ரிட் களிமண்ணில் இறுதிவரை வந்து காஸ்பர் ரூடிடம் மூன்று செட்களில் வீழ்ந்தார். ஜூனில் உலகின் நான்காம் இடம்.

ஆனால் அந்த ஏற்றத்துக்குக் கொடுத்த விலை அதிகம். ஜனவரியில் மெல்போர்னில் தொடர்ந்து மூன்று ஐந்து செட் ஆட்டங்களை வென்றவர், அல்கராஸுக்கு எதிராகப் பாதியில் விலக நேர்ந்தது. அதன் பிறகும் தோஹா இறுதி, இண்டியன் வெல்ஸ், மாட்ரிட், ரோம், பாரிஸ் என்று ஓட்டம் நிற்கவில்லை. விம்பிள்டன் முடிந்ததும் இடது மேற்கை எலும்பு உள்ளுக்குள் கன்றிப்போயிருப்பது தெரியவந்தது. ஆகஸ்டில் நியூயார்க்கில் ஜெசிகா பெகுலாவுடன் கலப்பு இரட்டையர் ஆடினார். ஒற்றையரில் ஒரு சுற்று வென்றார். அடுத்த சுற்றுக்கு முன்பே விலகினார். அந்த ஆண்டின் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

சின்னர் இவரைவிட நான்கு மாதமே மூத்தவர். 2021 குவீன்ஸ் கிளப்பில் டிரேப்பர் அவரை வென்றும் இருக்கிறார். 2025 முடிவில் சின்னரிடம் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் இருந்தன. டிரேப்பர் ஓர் இறுதியைக்கூடப் பார்க்கவில்லை. இருவருக்கும் இடையே கைத்திறனில் அவ்வளவு தூரம் இருப்பதாகத் தெரியவில்லை. பெரிய ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடி முடிக்கும் வலுவில்தான் தூரம். அதனால் டிரேப்பரைப் பின்தொடர்கிறவர்கள் அவர் வெல்லும் பட்டங்களைவிட ஆடும் வாரங்களைக் கவனிக்க வேண்டும்; ஐந்தாவது செட்டில் அந்த இடது கையின் இரண்டாம் சர்வீஸ் வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வசந்த காலத்தில் இரண்டு போட்டிகளை விட்டுக்கொடுத்தாவது அவர் ஜூலைக்கு முழு உடலோடு வந்து சேர்ந்தால், விம்பிள்டனில் மூன்றாவது சுற்று நிச்சயம் எட்டாத உயரம் அல்ல.