மனுவேந்தன் தீர்ப்பும் கேட்போர் தீர்ப்பும்

திருத்தொண்டர் புராணத்துத் திருநகரச் சிறப்பில் வரும் மனுவேந்தன் வரலாற்றை விரித்துரைப்போர் பலர், அமைச்சரை முகமன் கூறுவோராகவும் அரசனை அறத்தின் வடிவாகவும் காட்டி எளிதில் அமைந்துவிடுகின்றனர். சேக்கிழார் சுவாமிகள் அவ்வழக்கை அத்துணை எளிதாக வைத்திலர். தானை சூழ அரசவீதியிற் சென்ற குமரனது தேர்க்காலிடை ஆன்கன்று தானே புகுந்து மடிந்தது. கொல்லுங் கருத்து அவனிடத்தில்லை. ஆதலின் கழுவாய் அமையும் என்ற அமைச்சர் கூற்று நூல்வழி நின்றதேயாம்.

மன்னன் அதனை மறுத்தது எதனால்? மைந்தன் வேண்டுமென்றே கொன்றான் என்று அவன் யாண்டும் கூறினானல்லன். பிறனொருவன் கொன்றிருப்பின் அவனைத் தண்டித்து, தன் மகனுக்கு மட்டும் கழுவாய் தேடுவதோ என்பது ஒன்று. தன்னாலும், தன் பரிசனத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிறவுயிர்களாலும் வரும் அச்சம் ஐந்தையுந் தீர்த்தல் காவலன் கடன் என்பது மற்றொன்று. எனவே பழி மைந்தன் செய்கையினின்றும் பெயர்ந்து மன்னன் காவலின்மேல் ஏறுகின்றது. தண்டனையோ மைந்தன்மேல் விழுகின்றது. அன்றியும், தேரூர ஏவப்பெற்ற அமைச்சன் அது செய்யமாட்டாது தன்னுயிர் நீத்தான். அவ்வுயிர் யார் கணக்கில் எழுதப்படும்? விரிவுரையாளர் இவ்விடத்தில் நிற்பது அரிது.

கன்றும் குமரனும் அமைச்சனும் உயிர்பெற்றெழுந்தமையால் கேட்போர் மன்னனைக் குறைகூறார். இறைவன் வெளிப்பட்டிராவிடின் அதே செயலைக் கொடுமையென்பார் எத்துணையர்! தேரூர்ந்தபோது மன்னன் அம்முடிவை அறிந்திலன். புறத்தே கண்ட பயனால் செயலை அளத்தல் சித்தாந்தத்துக்கும் ஒத்ததன்று. தக்கனது வேள்வி தீமையாயதும் சண்டீசரது பாதகம் நன்மையாயதும் சித்தியார் காட்டியனவே.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணி பெருகியபோதும் இவ்வழக்கே எழுந்தது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பொழிந்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளை முன்னரே திறந்திருக்கலாகாதா என்றனர். திறந்தபின் மழை பொய்த்திருப்பின், பிசான நீரை வீணாக்கினர் என்று அணை காப்போரை முதலில் வைதிருப்பவர், மணிமுத்தாற்று நீரை எதிர்நோக்கும் நாங்குநேரிப் பக்கத்து உழவரே! துணியும் நாளில் அவர்க்குத் தெரிந்தது யாது, தெரிந்துகொள்ள வழியிருந்தும் விட்டது யாது என்பனவே ஆராயத்தக்கன.

பாண்டியன் நெடுஞ்செழியன்மேல் நின்ற பழியும் இத்தகையதே. கோவலன் இறந்தமை மாத்திரத்தால் அன்று, பொற்கொல்லன் சொற்கேட்டு ஆராயாது ஏவினமையால் அவன் பிழைத்தான். அவன் அவைக்கண் நின்று கண்ணகி முதலில் எடுத்துரைத்தவருள், மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனும் ஒருவன்.